ஓலைக்கூரை வண்டியும் ஆறு சம்பந்திகளும்

மதுரையில் நாங்கள் குடியிருந்த தெருவில் அதுவரை ஓலை வேய்ந்த மோட்டாரை யாரும் பார்த்ததில்லை. அதனால் அப்பாவின் பிக்கப் வண்டி வந்து நின்றதும் முதலில் பிள்ளைகள் கூடினார்கள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட வந்த அம்மாக்கள் கூடினார்கள். எல்லோருக்கும் கடைசியாகத்தான் என் மாமியார் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

வண்டியின் தலைமேல் நான்கு அடுக்குத் தென்னங்கிடுகு. அதைப் பனைநாரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஜன்னலுக்குப் பூப்போட்ட சீட்டித் திரை. கதவின் உள்பக்கம் தண்ணீர்ச் செம்பு வைக்க ஓர் இரும்பு வளையம். பின்தட்டு முழுவதும் வாழைக்குலையும் தேங்காயும் பலாப்பழமும் பலகாரப் பானைகளும். முந்திரிக்கொத்து வாசனை தெருமுனை வரை போயிருந்தது.

"ஆத்தி! என்னாண்ணே இது? வண்டியா, வெத்திலைக் கொடிக்காலா?" என்றார் அத்தை.

அப்பாவுக்கு அது கேலியாகவே படவில்லை. "வெயிலு இறங்காது தங்கச்சி. உள்ள கேறி இருந்து பாருங்க, ஆத்தங்கரையில இருக்க மாதிரி இருக்கும்" என்றார்.

நான் ஏழு மாத வயிற்றோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை சரி என்றால் தலைப்பிரசவம் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் என் அப்பா வீட்டில். வேண்டாம் என்றால் மதுரையில், நான் வந்து ஒன்றரை வருஷமே ஆன இந்த வீட்டில். எனக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு நியாயமும் என்னிடம் இல்லை. போக வேண்டும், அவ்வளவுதான்.

பட்டாளத்து வண்டி

போன வாரம் அப்பாவைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் தந்தையார் கோபக்காரர் போலிருக்கிறதே" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை ஐயா. கோபம் எனக்குத்தான். அவர் மோட்டார்க்காரர். மோட்டார்க்காரர்கள் சத்தமாகத்தான் பேசுவார்கள், எஞ்சினைத் தாண்டிக் கேட்க வேண்டுமே.

யுத்தம் முடிந்து பட்டாள முகாம்களைக் கலைத்தபோது ஏலத்தில் எடுத்த அமெரிக்க வண்டி அது. முன்னால் மூன்று பேர் உட்காரலாம். உட்காரலாம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பலகையின் மேல் தோல் அடித்திருந்தார்கள். அதில் உட்கார்ந்து போன சிப்பாய்க்கு எதிரியின் குண்டு பெரிய விஷயமாகவே தெரிந்திருக்காது.

அப்பா வாழைக்குலை வியாபாரி. எங்கள் ஊரிலிருந்து மட்டியும் ஏத்தனும் செவ்வாழையும் திருநெல்வேலிக்குப் போகும். அங்கிருந்து பருத்திக்கொட்டை வரும். வெறும் வண்டி எடுப்பதை அவர் பாவமாக நினைத்தார். சந்தையில் ஒன்றும் கிடைக்காத நாளில் நாலு மூட்டை உப்பையாவது போட்டுக்கொண்டுதான் திரும்புவார். "வெறும் வண்டி ஓட்டுதவன் வியாபாரி இல்ல, டிரைவராக்கும்" என்பார். இந்த ஒரு கொள்கைதான் பிறகு எங்களை நடுத்தெருவில் நிறுத்தியது.

எனக்குக் கல்யாணமான புதிதில் மறுவீட்டுக்கு இந்த வண்டியில்தான் எங்களை அழைத்துப் போனார். என் வீட்டுக்காரர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அதிகம் பேசமாட்டார். நாங்குநேரி தாண்டியதும் சுத்தமாகப் பேச்சை நிறுத்திவிட்டார். மறுவீட்டு விருந்து மூன்று நாளும் மாப்பிள்ளை குப்புறப் படுத்தபடியே சாப்பிட்டார். இடுப்புக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தது பக்கத்து வீட்டு ஆசாரி. திரும்பும்போது, "பஸ்ஸில் போவோம்" என்றார். அந்தப் பயணத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

ஆகவே, ஏழாம் மாதம் மகளை அழைக்க வருகிறேன் என்று அப்பா கடிதம் போட்டபோது அத்தை இரண்டு காரணம் சொல்லி மறுத்தார். என் வீட்டுக்காரர் எழுத, அத்தை பக்கத்தில் நின்று சொன்னார். ஒன்று, அந்த வீட்டில் பொம்பளை இல்லை. இரண்டு, அந்த வண்டி.

முதல் காரணம் உண்மை. என் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே அம்மா போய்விட்டாள். எனக்கு அக்கா தங்கை இல்லை. அப்பாவுக்கும் உடன்பிறந்த பெண்கள் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து இடித்துக் கொடுக்கவும் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டவும் அந்த வீட்டில் யார் இருந்தார்கள்? ஒரு வண்டி இருந்தது.

அப்பா பதில் எழுதினார். முதல் காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "வண்டியைச் சரி செய்துவிடுகிறேன்" என்று மட்டும் இருந்தது. தன்னால் எதைச் செய்ய முடியுமோ அதற்குத்தான் அவருக்குப் பதில் எழுதத் தெரியும். அந்த அஞ்சலட்டையைக் கொல்லைப்புறத்தில் வைத்துப் படித்துவிட்டு நான் அழுதேன். அத்தை பார்த்துவிட்டு, வெங்காயம் உரிக்கவும் இல்லையே என்று கேட்டார்.

வாடகைக் கார் பிடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அப்பாவின் வண்டியைப் பழுது பார்க்கும் யோவான் மேஸ்திரியும் கேட்டிருக்கிறார். "எம் மகளை அடுத்தவன் வண்டியிலயா கொண்டு வரணும்?" என்று அப்பா அவர்மேல் பாய்ந்தாராம். அப்போது எங்கள் பக்கம் ரயில் கிடையாது. திருநெல்வேலி வரை ரயிலில் வந்து, பிறகு பஸ்ஸில் இடிபட வேண்டும். அதற்கு அத்தை சம்மதிக்கும் பேச்சே இல்லை.

மேஸ்திரியின் மடியில் ஒரு குடம்

யோவான் மேஸ்திரி மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். யுத்தத்தின்போது அசாமில் பட்டாளத்து வண்டிகளைக் கழற்றி மாட்டியவர். ஜபமாலையும் திருப்புளியும் ஒரே பையில் வைத்திருப்பார். அப்பாவும் அவரும் சேர்ந்து ஒன்றரை மாதம் அந்த வண்டியோடு மல்லுக்கட்டியதைப் பிறகு இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். கதை கொஞ்சம் மாறும். யார் புத்திசாலி என்ற இடத்தில் மட்டும்.

முதலில் பலகையைப் பிடுங்கி எறிந்தார்கள். மணக்குடியிலிருந்து தென்னங்கயிறு வாங்கிவந்து கட்டில் பின்னுவதுபோல் பின்னினார்கள். அதன்மேல் தேங்காய்நார் மெத்தை, அதற்குமேல் இலவம்பஞ்சு மெத்தை. முதல் தடவை மெத்தை அதிகமாகிப்போய், உட்கார்ந்த அப்பாவின் தலை கூரையில் இடித்தது. பாதிப் பஞ்சை எடுத்தார்கள். சாய்மானத்தில் இடுப்புக்கு நேராக ஒரு சிறிய திண்டு. அது மாப்பிள்ளை ஞாபகமாகச் செய்தது.

எஞ்சின் சூடு காலில் அடிக்கும். தரைத் தகட்டில் இருந்த ஓட்டைகளை அடைத்துச் சாக்கை நாலாக மடித்து விரித்தார்கள். பழைய டயரை வெட்டி, வண்டி உடம்புக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் துண்டு துண்டாகக் கொடுத்தார்கள். கடகடவென்று ஆடும் கதவுக்குச் சைக்கிள் டியூப். பின்சக்கரத்து வில்லில் பத்துப் பட்டை இருந்ததாம். விறைப்பு குறைய அதில் இரண்டை மேஸ்திரி உருவிவிட்டார். கூரைத் தகடு காய்ந்து உச்சியைச் சுடுகிறதே என்றதற்குத்தான் கிடுகு. அந்த யோசனை தன்னுடையது என்று இரண்டு பேருமே சொல்வார்கள்.

பிறகு பரீட்சை. மேஸ்திரி முன் இருக்கையில் உட்கார்ந்து, விளிம்புவரை தண்ணீர் நிறைத்த சின்னப் பித்தளைக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டார். அதுதான் என் வயிறு. "வேய், அசையாம பிடியும். உள்ள எம் பேரப்பிள்ளையாக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா வண்டியை எடுத்தார்.

ஆரல்வாய்மொழி போய்த் திரும்பினார்கள். மேஸ்திரியின் வேட்டி நனையவில்லை. இரண்டு பேரும் வழியில் இறங்கி ஆளுக்கொரு சுக்குக்காப்பி குடித்துக் கொண்டாடியிருக்கிறார்கள். "வண்டி சரியாகிவிட்டது. தண்ணீர் சிந்தவில்லை" என்று அப்பா மதுரைக்கு எழுதினார். எந்தத் தண்ணீர் என்று எங்களுக்குப் புரியவில்லை.

ஒன்றை மட்டும் அவர்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. அன்றைக்குச் சந்தை நாள். வெறும் வண்டியை எடுப்பானேன் என்று அப்பா பின்னால் நாற்பது குலை ஏற்றியிருந்தார்.

வைகைப் பாலம் வரை

மறுபடியும் மதுரைத் தெருவுக்கு வருகிறேன். சீர் முழுவதையும் இறக்கி வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். குலைகளைக் கூடத்தில் சாத்தினார்கள். தேங்காய் கட்டிலுக்கடியில் உருண்டது. வரும் வழியெல்லாம் வண்டி தொட்டில் மாதிரி வந்ததாக மேஸ்திரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை கேட்டார்: "திரும்பிப் போகையில என்ன மூட்டை ஏத்துவீக? மூட்டையோட மூட்டையா எம் மருமக போகணுமாக்கும்?"

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "தங்கச்சி, இன்னைக்கு இது வியாபார வண்டி இல்ல. ஒத்த மூட்டைச் சரக்கு இதுல கேறாது. எம் மக மட்டும்தான் வருவா. தாணுமாலயன் சாட்சி" என்றார். தெரு முழுவதும் கேட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக வெறும் வண்டி ஓட்டுவதாகச் சத்தியம் செய்கிறார், அதுவும் சாமிமேல்.

அத்தை லேசுப்பட்டவர் இல்லை. "முதல்ல நான் ஒக்காந்து பாக்குறேன். நான் சரின்னாத்தான் அவ ஏறணும்" என்றார். திரையை விலக்கி, திண்டை அமுக்கிப் பார்த்து, ஏறி உட்கார்ந்தார். வைகைப் பாலம் வரை போய் வருவதாகப் பேச்சு.

வண்டி தெருமுனை திரும்பும்போதே கிடுகு குதிப்பதை நான் பார்த்தேன்.

கால் மணி நேரத்தில் திரும்பினார்கள். அத்தையின் கொண்டை அவிழ்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. மூக்குத்தித் திருகு எங்கோ விழுந்துவிட்டது. வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு போனவர், அதை முழுங்கிவிட்டு வந்திருந்தார். இறங்கி, திண்ணென்று நிலத்தை மிதித்து நின்று, மூச்சு வாங்கினார்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதீக. பிள்ளை இங்கிட்டே பெறக்கட்டும்."

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. ஒன்றரை மாத உழைப்பு. கடைசிக் கிடுகு ஒன்று சரிந்து அவர் ஜன்னலில் தொங்கியது. அதை விலக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அப்படி ஒரு முகத்தை நான் அம்மா போன அன்றுதான் பார்த்திருந்தேன்.

மண்ணும் உப்பும் அம்மியும்

மேஸ்திரி வண்டிக்கடியில் புகுந்து பார்த்தார். வெளியே வந்தார். வெற்றுப் பின்தட்டைப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஏசுவே! நமக்க புத்தி எங்க போச்சு? இது பட்டாளத்து வண்டியாக்கும். பாரம் கேறினாத்தான் இதுக்க துள்ளலும் கெறுவும் அடங்கும். பாரம் இல்லாம ஒருநாளும் நாம ஓட்டிப் பாக்கலியே!"

"எவ்வளவு பாரம் வேணும்?" என்றேன் நான். பெரியவர்கள் பேசுமிடத்தில் மருமகள் குரல் கேட்டது எல்லோருக்கும் ஆச்சரியம்.

"ஆறு மூட்டை இருந்தா மதி மக்ளே."

ஆறு மூட்டைதானே என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்பா மூச்சு விடவில்லை. அவர் சத்தியம் செய்தது நினைவிருக்கிறதல்லவா? சரக்கு ஏற்ற முடியாது. சீரை அப்படியே திருப்பி ஏற்றலாம் என்று சொல்ல யாருக்கும் நாக்கு வராது. கொடுத்த சீர் பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் அதற்கு ஊரில் வேறு அர்த்தம். நெல்லோ அரிசியோ என்றால் ஆரல்வாய்மொழிச் சோதனைச் சாவடியில் வண்டியோடு பிடித்து வைத்துக்கொள்வார்கள். அரிசிக் கெடுபிடி அப்படி இருந்த காலம்.

"மணல் போட்டுக்கிடலாமே, வைகையில கெடக்கே" என்றார் மேஸ்திரி.

அத்தை நெஞ்சில் கை வைத்தார். "புள்ளத்தாச்சிய அனுப்புறப்ப மண்ணை அள்ளிப் போட்டு அனுப்பச் சொல்றீகளா? நல்லா இருக்கே!"

"உப்பு?"

"எங்க வீட்டு லச்சுமிய மூட்டை கட்டி அனுப்பவா?"

கூடத்தில் இருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது. "அம்மியும் ஆட்டுரலும் நல்ல பாரம் இருக்கும்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், பாவம். அத்தை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அம்மி வீட்டைவிட்டு வெளியே போனால் மகன் தனிக்குடித்தனம் போகிறான் என்று பொருள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் என் வீட்டுக்காரர் கூடத்தைவிட்டு வெளியே வரவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏழு மாத வயிறு, வெயில், கூடத்தில் பழுத்துக்கொண்டிருக்கும் அத்தனை குலை. என் அப்பா இன்னும் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

"மண்ணு வேண்டாம், உப்பு வேண்டாம், அம்மி வேண்டாம். அப்போ நீங்களே ஏறி வாங்க அத்தை! சித்திமாரையும் கூட்டிக்கிட்டு வாங்க! மனுஷாளுக்கு எந்தத் தோஷமும் இல்லையே!"

நான் சொன்னதை நானே கேட்டுப் பயந்தேன்.

மேஸ்திரி மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "மூட்டைக்கு ஓராளு வச்சா..." என்று ஆரம்பித்து, அத்தையைப் பார்த்து நிறுத்தினார். "நல்ல... பெரிய மனுஷங்களா இருந்தா..." என்று முடித்தார்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். பானை உருளும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிஷம் கழித்துக் கையில் துணிமூட்டையோடு வெளியே வந்தார்.

"மீனாச்சி கோயிலைத் தவிர வேற எங்கிட்டும் போனதில்ல நான். கன்னியாகுமரியில மூணு கடலு சேருதாம்ல? பாத்துட்டு வந்துருவோம். அந்த வீடு எப்படி இருக்குன்னும் பாக்கணும்."

அந்த வீடு. அதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். இறக்கிய சாமானை அப்படியே ஏற்றிக்கொண்டு திரும்பிவிடுவார். சாமான் நான்தான்.

யாரும் இறங்கக் கூடாது

அத்தையோடு பிறந்த தங்கைகளான சித்திமார் மூன்று பேர், அத்தையின் நாத்தனார் ஒருத்தர், எதிர்வீட்டு அம்மாள் ஒருத்தர். அத்தையோடு ஆறு. எதிர்வீட்டு அம்மாள் சொந்தமில்லை. ஆனால் பாரத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் தெருவில் கிடையாது.

விடிந்ததும் கிளம்பினோம். பின்தட்டில் வைக்கோல் பரப்பி ஜமுக்காளம் விரித்திருந்தது. அத்தை முன்னால் என்னோடு உட்காருவேன் என்றார். மேஸ்திரி கையைப் பிசைந்தார். பின்னச்சுக்கு நேராக அத்தை இருந்தால்தான் வண்டி அடங்கும். அதை எப்படிச் சொல்வது? கடைசியில், "அங்க இருந்தா மருமகளைக் கண்ணுக்கு நேரா பாத்துக்கிட்டே வரலாம்லா?" என்றார். முன் இருக்கைக்குப் பின்னால் இருந்த சிறு ஜன்னலின் கண்ணாடியை அதற்காகவே கழற்றிக் கொடுத்தார்.

வண்டி நகர்ந்தது. நான் இருக்கை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். திருமங்கலம் வந்தது. பல்லை விட்டேன். விருதுநகரில் தூங்கிவிட்டேன். கயிற்றுப் பின்னலும் பஞ்சும் இடுப்பைத் தாங்க, ஓலை நிழலில், வளையத்தில் செம்புத் தண்ணீர் தளும்பாமல் நிற்க, அப்பா முட்டை ஏற்றிப் போகிறவர் மாதிரி ஓட்டினார். உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகு எத்தனையோ கார்களில் போயிருக்கிறேன். அந்தச் சுகம் வரவில்லை.

எங்கேயாவது பள்ளம் வந்தால் பின் ஜன்னல் வழியாக ஒரு கை வந்து என் தோளை அழுத்தும். அத்தையின் கை. சாத்தூர் தாண்டி அந்தக் கையில் ஒரு வெள்ளரிப்பிஞ்சு இருந்தது. கோவில்பட்டியில் கடலை மிட்டாய். கயத்தாற்றில் வெறும் கைதான் வந்தது. அங்கே பள்ளம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வந்தது.

திருநெல்வேலியில் வம்பு. சின்ன சித்தியின் மகள் அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். "நான் இங்கிட்டே எறங்கிக்கிறேன். நாலு நாள் இருந்துட்டு ஊருக்குப் போயிருவேன்" என்றார் சித்தி.

மேஸ்திரி பதறிப்போனார். "அம்மச்சி, இன்னும் அம்பது மைலு கெடக்கு. ஒரு மூட்டை கொறஞ்சாலும்..."

"யாரைய்யா மூட்டைங்கிற?"

அத்தை எழுந்து நின்றார். "யாரும் எறங்கக் கூடாது. வந்தது ஆறு, போய்ச் சேர்றதும் ஆறு. மகளைப் பாக்கணும்னா அவளையும் ஏறச் சொல்லு. அவளும் நல்லாத்தான் ஊதியிருக்கா." சித்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கனம் குறையவில்லை.

முப்பந்தலில் எதிர்க்காற்று. ஆவணிக் காற்று கணவாய்க்குள்ளிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. அப்பா மதுரைக்கு வரும்போது வண்டியை முதுகில் தள்ளிய காற்று இப்போது முகத்தில் அடித்தது. தலைக்குமேல் சடசடவென்று சத்தம். நான்கு அடுக்குக் கிடுகும் மொத்தமாக எழும்பி, பின்னால் இருந்த ஆறு பேர் தலைக்குமேல் பறந்து, பொட்டல் காட்டில் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்றின்மேல் விழுந்தது. எருமை அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு அம்மாள்தான் வீடு வரும்வரை முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சாவடியில் ஒரு சிப்பந்தி பின்தட்டை எட்டிப் பார்த்தார். வைக்கோல் தலைமுடியெல்லாம் ஒட்டி ஆறு பெண்கள். "என்ன ஓய், கல்யாணமா?"

"இல்ல, மகளைப் பேறுகாலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அப்பா.

"முன்னால ஒரு ஆளுதானே புள்ளத்தாச்சி? இவிய எல்லாரும் எதுக்கு?"

மேஸ்திரிக்குப் பொய் சொல்ல வராது. "பாரத்துக்காக்கும்" என்றார். சிப்பந்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கட்டையைத் தூக்கினார்.

அப்பாவின் சமையலறை

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நெல்வயல்மேல் வெயில் சாய்ந்திருந்தது. அத்தை இறங்கி யாரிடமும் பேசவில்லை. காலைக் கழுவினார். அம்மா படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு நேராகச் சமையலறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். வழக்கின் தீர்ப்பு அங்கேதான்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. பேறுகாலத்துக்கு என்ன வேண்டும் என்று அப்பா தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார். ஒவ்வொருத்தி ஒவ்வொன்று சொல்லியிருக்கிறாள். அவர் எதையும் விடவில்லை. அளவு கேட்கவும் இல்லை. வியாபாரி வாங்குகிற அளவில் வாங்கியிருந்தார். சுக்கு ஒரு சாக்கு. மிளகு அரைச் சாக்கு. மண்ணெண்ணெய்த் தகரம் நிறைய நல்லெண்ணெய். கருப்பட்டி கூரை வரை. பெருங்காயம் ஒரு பாளம், வீட்டுக்கே வாசனை. பூண்டு உத்தரத்தில் குலை குலையாகத் தொங்கியது. எல்லாவற்றின்மேலும் சுண்ணாம்பால் எழுதியிருந்தார். "பெற்ற அன்று." "மூன்றாம் நாள்." "குழந்தைக்கு. கண்ணில் படக் கூடாது." ஒரு டப்பாவில் மட்டும், "என்னவென்று தெரியாது. மூன்று பேர் சொன்னார்கள்" என்று இருந்தது.

அத்தை ஒவ்வொன்றாக வாசித்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எதைச் செய்தாலும் தவறாகிவிடும் என்று சும்மா நின்றேன்.

மற்ற ஐந்து பேரும் கன்னியாகுமரி போய் மூன்று கடலும் பார்த்து, பை நிறையச் சிப்பி பொறுக்கி, மூன்றாம் நாள் பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பினார்கள். அப்பா வாசலில் நின்று அத்தையிடம் கேட்டார். குரல் அவருடைய வழக்கமான குரலே இல்லை.

"தங்கச்சி, ஒங்களுக்கும் டிக்கெட் எடுக்கட்டா? இல்ல... ரெண்டு பேருக்குமா?"

அத்தை எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இந்த வீட்டுல பொம்பளை இல்லைன்னு எழுதச் சொன்னேன்ல."

"உள்ளதுதானே."

"உள்ளதுதான். அத்தனை சுக்கையும் யாரு இடிக்கிறது? எனக்கு டிக்கெட் வேண்டாம். அவளுக்கும் வேண்டாம். பேறுகாலம் முடியட்டும்."

அப்பா தலையாட்டினார். பிறகு வண்டியில் வில்லுப் பட்டையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று போய் அதனடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று எனக்குத் தெரியும். திருப்புளியைக்கூட அவர் எடுத்துப் போகவில்லை. வேட்டியும் இரண்டு பாதமும் மட்டும் வெளியே தெரிந்தன.

அத்தை காப்பி போட்டு என் கையில் கொடுத்தார். "அண்ணனை எழுப்பாத. அங்கிட்டே வச்சிட்டு வா" என்றார்.

நான் குனிய முடியாமல் குனிந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் தம்ளரை வைத்தேன். ஒரு கை வந்து எடுத்துக்கொண்டது. வெகு நேரம் கழித்துக் காலித் தம்ளர் மட்டும் வெளியே வந்தது. அப்பா வரவில்லை.